முந்துவதற்கு இருவர் வேண்டும்

(காரியாபட்டியில் வாசகர்கள் கூட்டிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மோட்டார் பந்தயத்தைப் பற்றிக் காரியாபட்டியில் பேச என்ன இருக்கிறது என்று, மண்டபத்துக்கு வரும் வழியில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வட்டாரத்தில் பந்தயத் தடம் கிடையாது. நாற்பது கல் சுற்றினாலும் கரிசல் காடு, கண்மாய்க் கரை, சீமைக்கருவேலம், நடுவே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நாலுவழிச் சாலை. ஆனால் அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குப் பதில் கிடைத்திருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் நாலு பையன்கள், ஒரு செல்போனுக்கு மேலே நாலு தலை. ஒருவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை பிராக்டிஸ்ல ரெண்டாவது டைம் போட்ருக்கான். நாளைக்கு அவன்தான்." அடுத்தவர் விடவில்லை: "அது சாஃப்ட் டயர்ல போட்ட டைம்டா மாப்ள. லாங் ரன்ல பாரு, பத்து லேப்புக்கு அப்புறம் டயர் நிக்கல." மூன்றாமவர் இருவரையும் பார்த்து, "யாரு வேகமா இருந்தா என்ன, அந்த டிராக்ல யாரு யாரை முந்துறது?" என்றார்.

இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் இன்று நான் சொல்லப் போவது எதுவும் இல்லை. தனியாக ஓடும்போது வண்டி என்ன வேகம், கூட்டத்தில் ஓடும்போது என்ன வேகம், முந்துவதற்கு எங்கே இடம். பந்தயத்துக்கு முந்தின நாள் ரசிகன் பேச வேண்டிய மூன்றும் அந்தப் பெஞ்சில் இருந்தன. பேசியவர்களுக்கு இருபது வயதுகூட இராது. அவர்களிடம் எழுந்துபோய்ச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் மாட்டிலிருந்து தொடங்குகிறேன். நான் இந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். என் சித்தப்பா பந்தய மாடு வைத்திருந்தார். கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்தில் ரேக்ளா என்பார்கள். அங்கே குறுகிய நேர்தூரத்தைக் கடிகாரம் பிடித்து அளப்பார்கள். நம் பக்கத்துப் பந்தயம் வேறு. தார்ச்சாலையில் எல்கை வரை போய்த் திரும்பி வர வேண்டும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு என்று பிரிவுகள். கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமான பிறகும் நோட்டீஸில் மைல் கணக்குத்தான் அச்சாகிறது. பெரிய மாட்டுக்குப் போகவர எட்டு மைல் என்றால், எட்டு மைலும் மற்ற வண்டிகளோடு சேர்ந்தே ஓட வேண்டும். கடிகாரத்துக்கு அங்கே வேலை இல்லை. முன்னால் யார், பின்னால் யார் என்பது ஒன்றே கணக்கு.

சித்தப்பா விடியற்காலை நாலரை மணிக்கு மாட்டைப் பழக்கக் கிளம்புவார். கண்மாயில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் நீச்சல், இல்லாத மாதங்களில் நடை, இடையிடையே வண்டி கட்டி ஓட்டம். ஓட்டம் முடிந்ததும் ஊரில் நாலைந்து பேர் வந்து கூடுவார்கள். என்ன வேகத்தில் வந்தது என்று அதில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மூக்குத்துளை எவ்வளவு விரிந்திருக்கிறது, வியர்வை முதலில் எங்கே கசிகிறது, இடத்து மாடு முன்னே இழுக்கிறதா வலத்து மாடு முன்னே இழுக்கிறதா, அவிழ்த்துவிட்ட பிறகு எவ்வளவு நேரம் கழித்து வாளியில் வாய் வைத்தது, இவைதான் கேள்வி. சித்தப்பா ஓடி முடித்த மாட்டின் விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். மூச்சு அடங்குவதை எண்ணுவார். "போகும்போது ஓடுற மாடு எல்லா வீட்லயும் கெடக்கு. திரும்பி வர்ற மாடு எத்தனை வீட்ல இருக்கு?" என்பார். பிராக்டிஸ் வேகத்துக்கும் பந்தய வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. அதன் பிறகு எத்தனையோ நாட்டுப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தப் பந்தயத்தில் மாட்டுக்குக் கொடுமை நடந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாலைக் கடித்தவர்களையும், முள் வைத்த கம்பால் குத்தியவர்களையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோது ஊரே கொதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டமும் அதற்குப் பின் வந்த சட்டத் திருத்தமும் உங்களுக்குத் தெரியும். 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாநிலங்கள் கொண்டுவந்த திருத்தங்கள் செல்லும் என்றது. தடை வந்ததிலும் ஒரு நியாயம் இருந்தது, அது நீங்கியதிலும் ஒரு நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். மாட்டின் விலாவில் கை வைத்து நிற்கிற ஆளுக்கு இரண்டுமே புரியும்.

இனி மோட்டாருக்கு வருகிறேன். நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் பல ஆண்டு வேலை பார்த்தவன். அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டைத் தடம் சைக்கிள் மிதிக்கிற தூரம். சனி ஞாயிறு பந்தயம் என்றால் அங்கேதான் கிடப்பேன். அதற்கு முன்னே சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. 1950களில் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேல், தென்னிந்தியாவின் மோட்டார் பித்தர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடினார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நிலையான தடத்தை அமைத்த பிறகு சோழவரத்தின் காலம் முடிந்தது. கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து, நம் ஊர்ப் பையன்கள் ஓட்டக்கூடிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் கட்டினார். 1995ல் விமான விபத்தில் அவர் இறந்து போனார். அந்தக் கார்களில் தொடங்கிய பையன்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன்.

இருங்காட்டுக்கோட்டையில் சனிக்கிழமை காலை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், காகிதத்தில் தெரியாத பல விஷயங்கள் தெரியும். ஒரு கார் வளைவுக்கு வருகிறது. ஓட்டுநர் எந்த இடத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஐந்து சுற்றும் அதே இடத்தில் சத்தம் இறங்கினால் அவர் காரை நம்புகிறார். ஒவ்வொரு சுற்றும் இடம் மாறினால் காரோ ஓட்டுநரோ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். மதியம் ஆனதும் வளைவின் வெளிப்பக்கத்தில் டயர் தேய்ந்து உதிர்ந்த ரப்பர், மிளகு கொட்டிவைத்தது போலக் கிடக்கும். ஓடும் தடம் மட்டும் கறுத்து மினுமினுக்கும். அந்தக் கறுப்புக் கோட்டை விட்டு ஒரு முழம் விலகினால் பிடிமானம் போய்விடும். நம் சாலைப் பந்தயத்தில் தாரை விட்டுச் சரளையில் சக்கரம் இறங்கினால் என்ன ஆகுமோ அதுதான். முந்த வேண்டியவன் பெரும்பாலும் அந்தச் சரளைப் பக்கமாகத்தான் போயாக வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன்.

ஃபார்முலா ஒன் பார்க்கிற தம்பிகளுக்கு வெள்ளிக்கிழமைப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான வாரத்தில் பிராக்டிஸ் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் எண், அவருடைய மிகச் சிறந்த லேப். அந்த லேப்பில் அவர் தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்று பட்டியல் சொல்லாது. 2019 முதல் 2025 வரை ஒரு பந்தயத்துக்கு 110 கிலோ வரை எரிபொருள் அனுமதி. பத்துக் கிலோ எடை கூடினால் ஒரு லேப்புக்கு ஏறத்தாழ பத்தில் மூன்று விநாடி போகும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் முழுத் தொட்டிக்கும் காலித் தொட்டிக்கும் இடையே மூன்று விநாடி இருக்கிறது. வெள்ளிக்கிழமை முதலாவதாக வந்தவருக்கும் பத்தாவதாக வந்தவருக்கும் இடையே பல நேரம் ஒரு விநாடிகூட இருப்பதில்லை. ஆக, நாம் வாயைப் பிளந்து பார்க்கிற வித்தியாசம் முழுவதும் ஒரு பெட்ரோல் கேனுக்குள் அடங்கிவிடும். இதற்கு மேல் டயர் மென்மையானதா கெட்டியானதா, அந்த லேப் காலை வெயிலில் போட்டதா மாலை நிழலில் போட்டதா, நடுவில் வேறொரு கார் குறுக்கே வந்ததா என்று எத்தனையோ இருக்கின்றன.

அதனால்தான் அந்த இரண்டாவது பையன் லாங் ரன்னைப் பார்க்கச் சொன்னார். பந்தய எடையோடு தொடர்ந்து பத்துப் பதினைந்து லேப் ஓடும்போது ஒவ்வொரு லேப்பும் எவ்வளவு கூடுகிறது என்று எழுதி வையுங்கள். ஒரு கார் முதல் லேப்பில் பத்தில் இரண்டு விநாடி மெதுவாக இருக்கலாம். ஆனால் லேப்புக்கு நூறில் ஐந்து விநாடி மட்டுமே தேய்ந்தால், நூறில் பத்து தேய்கிற காரின் லேப் நேரத்தை ஐந்தாவது லேப்பில் எட்டிப் பிடித்துவிடும். நான் ஒரு பழைய கணக்கு நோட்டில் இப்படி எழுதி வைப்பேன். திரும்பி வருகிற மாடு எது என்று தெரிய வேண்டுமென்றால் வேறு வழி இல்லை.

பிராக்டிஸ் என்றாலே என் நினைவுக்கு வருவது 2005 ஜூன் மாதம், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். அந்த ஆண்டுதான் நரேன் ஜோர்டான் அணிக்காக மெல்போர்னில் இறங்கி, ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு விதிப்படி, தகுதிச் சுற்றில் போட்ட டயரிலேயே பந்தயம் முழுவதும் ஓட வேண்டும். தேய்ந்தது என்பதற்காக மாற்ற முடியாது. இருபது காரில் பதினாலு காருக்கு மிஷலின் டயர், ஆறுக்கு பிரிட்ஜ்ஸ்டோன். இண்டியானாபோலிஸில் பதின்மூன்றாவது வளைவு சாய்வாகக் கட்டிய வளைவு. அதில் கார்கள் முழு வேகத்தில் போகும்போது டயரின் பக்கவாட்டில் பெரும் பாரம் விழுகிறது. வெள்ளிக்கிழமைப் பிராக்டிஸில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா, டயர் பழுதாகி அந்த வளைவின் சுவரில் மோதியது.

அந்த விபத்தைப் பார்த்த பெரும்பாலோர், பாவம், ஒரு காருக்கு நேர்ந்தது என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தது யார்? அதே டொயோட்டா அணியின் யார்னோ ட்ருல்லி, மிஷலின் டயரில். பட்டியலைப் பார்த்தால் மிஷலின்காரர்கள்தான் வேகம். ஆனால் மிஷலின் நிறுவனமே, அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் தங்கள் டயர் பந்தயம் முழுக்கத் தாங்காது என்று சொல்லிவிட்டது. வளைவுக்கு முன்னே ஒரு தடுப்பு வளைவு வைக்கலாம் என்ற யோசனையை உலகக் கூட்டமைப்பு ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருபது காரும் அணிவகுப்புச் சுற்றுக்குக் கிளம்பின. சுற்று முடிகிற இடத்தில், முதலிடக்காரர் ட்ருல்லி உட்பட பதினாலு கார்களும் வரிசையாகப் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. ஆறு கார்தான் புறப்பட்டன. மைக்கேல் ஷூமாக்கர், பாரிக்கெல்லோ, மொன்டெய்ரோ, நான்காவதாக நம் நரேன் கார்த்திகேயன். ஐந்து புள்ளி. அவர் வாழ்க்கையில் வாங்கிய ஃபார்முலா ஒன் புள்ளிகள் அவ்வளவுதான்.

அதைச் சாதாரண வெற்றி என்று சிலர் தள்ளிவிடுவார்கள். ஆறு பேர் ஓடிய பந்தயத்தில் நாலாவது வருவதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அன்று கூட்டம் பாட்டில்களைத் தடத்தின் மேல் வீசிக்கொண்டிருந்தது. வேகமே இல்லாத ஒரு காரை, எழுபத்து மூன்று சுற்றுப் பந்தயத்தில் சுவரில் இடிக்காமல் கொண்டுவந்து சேர்த்தார். அன்றைக்குத் திரும்பி வந்த மாடு அவர். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் முன்னே இருந்தவர்கள் திரும்பி வரவில்லை. பிராக்டிஸில் உண்மையான செய்தி எண்ணில் இல்லாமல், பதின்மூன்றாவது வளைவின் சுவரில் எழுதியிருந்தது.

இப்போது மூன்றாவது பையனின் கேள்வி: யார் யாரை முந்துவது?

நாலுவழிச் சாலையில் வைக்கோல் லாரிக்குப் பின்னால் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போனவர்களுக்குத் தெரியும், லாரிக்குப் பின்னால் காற்று அடங்கிவிடும்; வண்டி லேசாக ஓடும். பந்தயத்திலும் அதுதான். நேர்ச்சாலையில் முன் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது, பின் காருக்கு அந்தக் கிழிசலில் வேகம் கிடைக்கிறது. ஆனால் வளைவில் கதை தலைகீழ். பந்தயக் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பது காற்றுதான். முன் கார் கலக்கிவிட்ட காற்று சுழன்று வருவதால் பின் காரின் இறக்கைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது. கார் வழுக்குகிறது, டயர் சூடேறுகிறது, பின்தங்குகிறது. ஆக நேர்ச்சாலையில் நெருங்க உதவுகிற அதே கார் வளைவில் நெருங்க விடுவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு விநாடி இடைவெளி என்கிறார்கள். முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி என்பது எண்பத்து மூன்று மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவைக் கடக்கும்போது அதே ஒரு விநாடி வெறும் இருபத்தெட்டு மீட்டர். திரையில் பார்க்கிறவருக்கு, அடடா நெருங்கிவிட்டானே என்று தோன்றும். அவர் நெருங்கவில்லை, வேகம்தான் குறைந்திருக்கிறது. வளைவிலிருந்து வெளியேறியதும் முன் கார் மறுபடியும் விலகிப் போகும். நாம் ஏமாந்தது போலாகும். 2011ல் பின் இறக்கையைத் திறந்துகொள்ளும் டிஆர்எஸ் வசதியைக் கொண்டுவந்து, ஒரு விநாடிக்குள் வந்தவருக்கு மட்டும் என்று விதி வைத்தார்கள். 2025 வரை அது இருந்தது. முந்துதல் பெருகியது உண்மை. ஆனால் முன்னவரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு முந்துகிற மாதிரி எனக்குப் பட்டது. எத்தனை முந்தல் என்று எண்ணுவதைவிட எப்படி முந்தினார் என்று பார்ப்பதுதான் ரசனை என்று நினைக்கிறேன்.

தடம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் முந்துதல். 2018ல் மொனாக்கோ நகர வீதிகளில் டேனியல் ரிக்கார்டோ முன்னால் போய்க்கொண்டிருந்தார். நடுவழியில் மின் உதவிச் சாதனம் பழுதாகி எஞ்சின் வலுவில் ஏறத்தாழ கால் பங்கு போய்விட்டது. பின்னால் வெட்டல், முழு வலுவோடு. கடைசிவரை முந்த முடியவில்லை. இரண்டு கார் சேர்ந்து நிற்க அந்த வீதியில் இடமில்லை. நொய்டாவுக்குத் தெற்கே புத்த இன்டர்நேஷனல் தடத்தைக் கட்டியபோது, முந்த இடம் வேண்டும் என்றே நீண்ட நேர்ச்சாலை வைத்து, சில வளைவுகளின் நுழைவாயிலை அகலமாக்கினார்கள். 2011 முதல் 2013 வரை மூன்று முறை அங்கே ஃபார்முலா ஒன் நடந்தது. மூன்றிலும் வெட்டலே முன்னே போய் முன்னேயே முடித்தார். தடம் அகலமாக இருந்தால் போதாது, பின்னால் வருகிறவருக்கும் வேகம் வேண்டும். 2011 பந்தயத்தில் நரேனும் ஓடினார், சொந்த மண்ணில்.

முந்துதலின் முழு அழகையும் ஒரே பந்தயத்தில் பார்க்க விரும்புகிறவர், 2005 அக்டோபரில் ஜப்பானின் சுசூகாவில் நடந்ததைத் தேடிப் பாருங்கள். தகுதிச் சுற்றின் கடைசியில் மழை பிடித்துக்கொண்டதால் வேகமானவர்கள் எல்லாம் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். கிமி ரைக்கோனன் பதினேழாவது இடம். அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிச் சுற்றின் முதல் வளைவில் ஃபிசிகெல்லாவை வெளிப்பக்கமாகப் போய் முந்தி ஜெயித்தார். அதே பந்தயத்தில் அலோன்சோ, 130ஆர் என்னும் அதிவேக வளைவில் மைக்கேல் ஷூமாக்கரை வெளிப்பக்கமாகத் தாண்டினார். இருவரும் தப்பியதற்குக் காரணம் ஒன்றுதான். முந்தப்படுகிறவர் ஒரு கார் அகலத்துக்கு இடம் விட்டார்.

என் பேச்சின் மையம் இது. முந்துதல் ஒருவர் செய்கிற காரியமில்லை. முந்துகிறவர் வழியைக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். முந்தப்படுகிறவர் ஒரு தடவைக்கு மேல் தடம் மாறித் தடுக்கக் கூடாது, பக்கத்தில் வந்துவிட்டால் இடம் விட வேண்டும். மஞ்சள் கொடி வீசினால் இருவருமே அடங்க வேண்டும். இந்த உடன்பாட்டை நம்பித்தான் இருவரும் முந்நூறில் போகிறார்கள். நம் சாலைப் பந்தயத்திலும் அப்படித்தான். நல்ல சாரதி பின்னால் வருகிற வண்டிக்குத் தாரில் பாதியை விட்டுவிட்டுத்தான் மாட்டை விரட்டுவார். சரளைக்குத் தள்ளி முந்துகிறவனுக்குக் கொடி கிடைக்கலாம், ஊரில் பேர் கிடைக்காது.

மொனாக்கோ போல நம் மாநிலத்திலும் வீதியில் பந்தயம் நடந்தது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை, கொடிமர இல்லச் சாலை வழியாக மூன்றரை கிலோமீட்டர் வீதித் தடம் போட்டார்கள். 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய பந்தயம், மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. தடத்துக்குச் சான்று கிடைக்கத் தாமதமாகிச் சனிக்கிழமைப் பயிற்சியும் தள்ளிப் போனது. பயிற்சி தள்ளினால் எல்லாமே அதன் பின்னே இழுபடும். வழக்கமான கணக்கு எதுவும் பொருந்தாது. கூட்டம் அதற்காகப் பொறுமையோடு காத்திருந்தது. பெருநகரத்து வீதியில் பந்தயம் வேண்டுமா என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது, நடக்கட்டும். ஆனால் பஸ்ஸில் போய் இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்தயக் காரைப் பத்து அடியில் பார்த்த பையன்களின் முகம் எனக்கு மறக்காது. அவர்களுக்கு மாநிலத்தின் தெற்கிலும் ஒரு சிறு தடம் வேண்டும், வேலிக்குப் பின்னால் நின்று பார்க்க மலிவு டிக்கெட் வேண்டும், தமிழில் சொல்லித் தர ஆள் வேண்டும். இதை நான் எங்கே போனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தடம் இல்லாததால் என்ன நடக்கிறது? இரவு பத்து மணிக்கு மேல் நம் நாலுவழிச் சாலையில் வண்டிச் சத்தம் கேட்கிறது. மைல் கல்லிலிருந்து மைல் கல் வரை யார் முந்துவது என்று பந்தயம் கட்டுகிறார்கள். தம்பிகளே, உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். அங்கே உங்களோடு ஓடுகிற லாரிக்காரருக்கு நீங்கள் பந்தயம் விடுவது தெரியாது. தக்காளியோ உப்போ ஏற்றிக்கொண்டு வருகிறார், பாதித் தூக்கம். ஆட்டு மந்தையைச் சாலை தாண்டி ஓட்டிப் போகிற அம்மாவுக்குத் தெரியாது. அவர்கள் உங்களுக்கு ஒரு கார் அகலம் விட ஒப்புக்கொள்ளவில்லை. மஞ்சள் கொடி காட்ட அங்கே யாரும் நிற்கவில்லை. எல்லாப் பாதுகாப்பும் சூழ்ந்த இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023 ஜனவரியில், ஐம்பத்தொன்பது வயது அனுபவசாலியான கே.இ.குமார் பந்தயத்தின்போது நேர்ந்த மோதலில் உயிர் இழந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் ஓட்டியதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

நேரமாகிவிட்டது. சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, எல்கை வரை சாலையில் நடந்தே போவார். நானும் கூடப் போயிருக்கிறேன், பத்துப் பன்னிரண்டு வயதில். தார் ஓரம் எங்கே உடைந்திருக்கிறது, எங்கே பள்ளம், எந்த இடத்தில் இரண்டு வண்டி சேர்ந்து போகலாம் என்று கணக்கெடுப்பார். ஒரு தடவை சாரதியாக ஓட்டப்போகிற அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவது பாலம் வந்ததும் நின்றார். மழைத்தண்ணீர் போக ஓடையின் மேல் கட்டிய சின்னப் பாலம், இருபக்கமும் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். நாலு விரலால் அகலத்தை அளப்பது போலக் கையை நீட்டிப் பார்த்தார். "இங்க முந்தாத. எவன் முன்னால போனாலும் போகட்டும். பாலத்துக்கு அங்குட்டு ரோடு அகலமாகுது, அங்க வலத்து மாட்டைக் கேளு, குடுக்கும்" என்றார்.

மறுநாள் நான் அந்தப் பாலத்துக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் இரண்டு வண்டி வந்தன. எங்கள் மாடு மூன்றாவது. பாலம் வரை முன் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தது. அண்ணன் கயிற்றைத் தளர்த்தவே இல்லை. பாலம் தாண்டிச் சாலை விரிந்த இடத்தில் கை மாறியது, வலத்து மாட்டின் காது முன்னே மடிந்தது. முன் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு இடப்புறம் ஒதுங்கி இடம் விட்டார்.